நான் விலகிக்கொண்ட வழக்கு

2006 வாக்கில் நான் சிதம்பரத்தில் சப்-ஜட்ஜ். இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு விதவை, தன் வீட்டுக்குப் போகும் ஒரே வழியை முன்வீட்டுக்காரர் அடைக்கக் கூடாது என்று போட்ட வழக்கு என்னிடம் இருந்தது. வாய்தாவுக்கு வாய்தா நீட்டித்து வந்த இடைக்காலத் தடையால்தான் அந்த வழி திறந்திருந்தது. விசாரணை முடிந்துவிட்டது. வழி அந்த அம்மாளுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பு எழுதத்தான் சோம்பல். கோடை விடுமுறைக்கு முன் எழுதிக்கொள்ளலாம் என்று வழக்குக் கட்டை ஓரமாக வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் என் மகளைப் பெண் பார்க்கக் கடலூர் முதுநகரிலிருந்து வந்தார்கள். வேனிலிருந்து கடைசியாக இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்துத் திகைத்தேன். அந்த முன்வீட்டுக்காரர்தான். கோர்ட்டில் போடும் அதே கும்பிடு. பஜ்ஜியை எடுத்துக்கொண்டே, "கேஸப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேங்க. அது வேற, இது வேற" என்றார். பேசவும் இல்லை. பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு எழுந்திருக்கலாம்.

அவர்கள் போனதும் மனைவியிடம் நிலைமையை விளக்கினேன். சம்பந்தம் செய்தால் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தீர்ப்புச் சொல்வதென்றால் சம்பந்தம் ஆகாது என்றேன். அவளுக்கு வாதப் பிரதிவாதம் தேவைப்படவில்லை.

"பொண்ணுக்குப் புடிச்சிருக்கு. மாப்பிள்ளைய விட முடியுமா? கேஸ விட்டுடுங்க."

விட்டேன். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும்படி மாவட்ட நீதிபதிக்கு எழுதினேன். காரணத்தைத் திறந்த நீதிமன்றத்தில் அறிவித்தபோது என் நேர்மை எனக்கே இனித்தது. வக்கீல்கள் மெச்சித் தலையசைத்தார்கள். அந்த அம்மாள் மட்டும் தன் வக்கீலைத் தாண்டி முன்னால் வந்தார்.

"அவுங்க உங்களுக்குச் சொந்தமாவப் போறாங்கன்னா, பயப்பட வேண்டியது நாந்தானுங்களே ஐயா. எனக்கு பயமில்ல. நீங்களே சொல்லிடுங்க."

முடியாதம்மா என்றேன். அப்படியானால் புதிய நீதிமன்றம் எடுக்கும் வரை தடையையாவது நீட்டிக்கும்படி அவருடைய வக்கீல் கேட்டார். நியாயமான கோரிக்கை, ஒரு வரி, ஒரு கையெழுத்து. விலகிய வழக்கில் பேனா வைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து என் வருங்காலச் சம்பந்திக்கு எதிரானது. போட்டிருந்தால் ஊரில் ஒருவரும் என்னைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். முதுநகரில் மட்டும் முகம் சுளித்திருப்பார்கள். எனக்கு அதுதான் பயம். அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

தடை காலாவதியானது. வழக்குக் கட்டு கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போய்ப் புது எண்ணுக்குக் காத்துக்கிடந்தபோது, வழியில் சுவர் எழும்பிவிட்டது. தடை இல்லாத நாளில் கட்டிய சுவர். அவமதிப்பு என்றும் சொல்ல முடியாது. நான் எழுதியிருக்கக்கூடிய தீர்ப்பையே பிறகு கடலூரில் எழுதினார்கள். அதன்மேல் அப்பீல். அந்த அம்மாள் மாவுக் குண்டானோடு பக்கத்து வீட்டுக் கொல்லை வழியே போய்வந்தார். அவர்கள் சலித்துக்கொண்டதும் வீட்டை விற்றுவிட்டார். வழியில்லாத வீட்டை வாங்க ஒரே ஆள்தான் இருந்தார். வாங்கிய கையோடு சுவரை அவரே இடித்துவிட்டார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆருத்ரா தரிசனத்துக்கு ஒவ்வொரு வருஷமும் சிதம்பரம் போகும்போது அவர் வீட்டில்தான் இறங்குகிறோம். வாசலுக்கே வந்து நிற்பார்.

"தெருவுல கூட்டம் ஜாஸ்தி. வண்டிய உள்ள விடுங்க சம்மந்தி."

காரை அந்த வழியில்தான் நிறுத்துகிறேன்.