பெட்டி மேல் ‘பிளாஸ்ட்’

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. போன கோடையில் வடக்கே ஒரு வியாபாரியிடமிருந்து புது ஆர்டர் வந்தது. படம் எதுவும் வேண்டாம், பெட்டி முழுக்க ஆங்கிலத்தில் பெரிதாக ‘ஹேவ் எ பிளாஸ்ட்’ என்று இருந்தால் போதும் என்றார்.

திரையில் அதைப் பார்த்ததும் எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

“என்னப்பா, பிளாஸ்ட்னு போடச் சொல்லுதாரு? அது வெடி விபத்துல்ல?”

“இன்னொரு அர்த்தமும் இருக்கு அண்ணாச்சி. ஆட்டம் பாட்டம்னு அமர்க்களமா கொண்டாடுனா, அதையும் பிளாஸ்ட்டுன்னுதான் சொல்லுவாக. பிறந்தநாள் பார்ட்டி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, ‘பிளாஸ்ட்’டும்பாக. நல்லா கொண்டாடுங்கன்னு வாழ்த்துற மாதிரி இது.”

அவருக்கு மனசு ஒப்பவில்லை. வியாபாரியைப் போனில் கூப்பிட்டு வேறு வார்த்தை கேட்டார். பிள்ளைகள்கூடப் பேசுகிற வார்த்தைதானே என்று வியாபாரி சிரித்தாராம். முதல் தவணையை அச்சடித்து அனுப்பினோம்.

லேபிள்கள் போனது விஸ்வநத்தத்தில் இருக்கும் ஒரு பயராபீசுக்கு. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே லேபிள் ஒட்டும் வேலை பார்த்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. முன்பு வேறோர் ஆபீசில் இருந்தபோது பக்கத்து அறை வெடித்ததில் அவருக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அன்று என்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அந்த லேபிளோடு வீட்டுக்கு வந்தார்.

“இதுல என்ன தம்பி எழுதியிருக்கு? போர்மேன் வாசிச்சுட்டுச் சிரிக்காரு. கேட்டா சொல்ல மாட்டேங்காரு.”

இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன். லேபிளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனார். சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தார்.

“அந்த ஊர்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானா?”

அதன்பிறகு மிஷினிலிருந்து தாள் தாளாக அந்த வார்த்தை வந்து விழும்போதெல்லாம் நானும் குப்புறக் கவிழ்த்தே அடுக்கினேன். மதினியும் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் ‘போயிட்டு வாரேன்’ சொல்லாமல் போனார்.

ஒரு மத்தியானம் அச்சகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மிஷின்காரர் தானாகவே மிஷினை நிறுத்தினார். எங்கள் ஊரில் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை.

“எந்தப் பக்கம்லே?” என்று அண்ணாச்சி கத்தினார்.

மொட்டை மாடியிலிருந்து பதில் வந்தது. “விஸ்வநத்தம் பக்கம் பொகையா கெடக்கு!”

மதினியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அண்ணாச்சி தன் பைக் சாவியை என் கையில் திணித்தார். வழியில் ஆம்புலன்சுகள் என்னை முந்திப் போயின.

ஆபீசுக்கு எட்ட, கருவேலங்காட்டுக்குள் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். மதினி முதுகைக் காட்டி நின்றார். கூப்பிட்டேன், கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது.

“எங்க ஆபீஸ் இல்ல தம்பி, பக்கத்து ஆபீஸு. போட்டது போட்டபடி ஓடியாந்தோம், போனு உள்ள கெடக்கு.” கையில் பசை காய்ந்திருந்தது. “அங்கன வெடிமருந்து ரூம்ல புருசனும் பொஞ்சாதியும் இருந்தாகளாம்.”

அந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வியாபாரியை மறுபடி கூப்பிட்டார். செய்தி அவருக்கும் போயிருந்தது. மாற்றிவிடுங்கள் என்றார். மிச்சத் தாள்களைக் கழிவில் போட்டோம். கொண்டாட்டத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேறு அர்த்தம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கடைசியில் ‘ஜூபிலி’ என்று போட்டோம்.

மூடிக் கிடந்த மதினியின் ஆபீஸ் கொஞ்ச நாளில் மறுபடி திறந்தது. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

“போக வேணாம் மதினி.”

“வேற எங்க போகச் சொல்லுதீக?” கொண்டையை முடிந்துகொண்டே வேனில் ஏறினார்.

அன்று காலையிலேயே விஸ்வநத்தம் பக்கம் மேகம் கறுத்திருந்தது. வேன் போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு சத்தம். இடிதானா என்று பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.