கடைசி வரிசை ராக் குழு

போன வாரம் முழுக்க எங்கள் மொட்டை மாடியில் பக்கெட் அடிக்கும் சத்தம். அடித்தவர் மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஜுன். பிலிப்பைன்ஸ்காரர், நாற்பது வயதிருக்கும். யோகா கற்க மைசூருக்கு வந்திருக்கிறார். மனதை அடக்க வந்தவர் பக்கெட்டை அடிப்பானேன்?

மூன்று நாள் மாடிப்படியில் நின்று ஊகித்தேன். எழுத்தாளன் புத்தி... கேட்டாலே தெரிந்துவிடும் விஷயத்தைக்கூடக் கற்பனை செய்வது. பக்கெட்டின் சொந்தக்காரியான என் மனைவிக்கு அந்த வியாதி இல்லை.

“சும்மனே நின்னு யோசிக்காதீங்க. மேல போய்க் கேளுங்க. அப்படியே பக்கெட்டையும் கொண்டு வாங்க.”

போனேன். ஊரில் அவர் ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவராம். ஆல்டர்நேட்டிவ் என்றால் எதற்கு மாற்று என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. குழுவின் நான்கு பேரும் காலேஜில் ஒரே வகுப்பு. இருபது வருஷமாக வாசிக்கிறார்கள்.

எப்படிச் சேர்ந்தார்கள்? ரசனையா, லட்சியமா?

அகரவரிசை!

அவர்கள் காலேஜில் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படிதான் உட்கார வைப்பார்களாம். இவர்கள் நால்வருக்கும் ‘எஸ்’. கடைசி வரிசை. டெஸ்க்கில் தாளம், வாய்க்குள் பாட்டு — குழு தயார்.

இப்போது டிரம்மர் கனடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் புது ஆளைப் பிடித்திருக்கிறார்கள். நன்றாகவே வாசிக்கிறாராம். ஆனால் எதற்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜுன் ‘சரி’ சொல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். பக்கெட்டில் அவர் அடித்ததெல்லாம் கனடா நண்பரின் தாளம். அதை வேறொரு கை அடித்தால் தன்னால் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“புது ஆளின் பெயர் ‘ஏ’வில் ஆரம்பிக்கிறது, சார். எங்கள் வகுப்பில் இருந்திருந்தால் முதல் வரிசை.”

எனக்கு அரிப்பு கிளம்பிவிட்டது. காலேஜில் மூன்று வருஷம் என் அடுத்த ரோல் நம்பர் நாகராஜு, தமிழக எல்லையோர ஹனூர்க்காரன். நாங்கள் இருவரும் ஏன் ஒரு பஜனை கோஷ்டிகூட ஆரம்பிக்கவில்லை? பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் நம்பரைத் தேடி, ஜுன் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு.

பெயரைச் சொன்னேன். மறுமுனையிலிருந்து முதல் கேள்வி —

“என்ற பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு எங்கடா?”

அவ்வளவுதான் எங்கள் உறவு. அந்த மூன்று வருஷமும் அவன் முகத்தைப் பார்த்ததைவிட அவன் நோட்டைப் பார்த்ததே அதிகம். அவன் பாடுவானா, அவனுக்கு என்ன பிடிக்கும்... எதுவும் தெரியாது. இருந்தாலும் போனை வைப்பதற்குள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டான்.

இதையெல்லாம் ஜுனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியென்றால் எங்களைச் சேர்த்தது பெஞ்ச் இல்லை, சார்.”

அங்கேயே போனை எடுத்து, ஊருக்குச் ‘சரி’ என்று எழுதினார். ஒரே நிபந்தனை: ஒத்திகைக்கு முன்னால் புது ஆள் கனடாக்காரரோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். தாளத்தைப் பற்றி அல்ல.

ஆக, ஒரு ராக் குழு பிழைத்ததில் எனக்கும் பங்குண்டு — பக்கத்தில் உட்கார்ந்தும் சிநேகிதனாகாமல் இருப்பது எப்படி என்பதற்கு உதாரணமாக. பக்கெட்டைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். ஞாயிறன்று ஹனூர் பஸ் ஏறுகிறேன். பழைய நோட்டு கிடைக்கவில்லை, புதிது வாங்கியிருக்கிறேன்.

முதல் பிசிக்ஸ் சோதனையிலிருந்து நானே எழுதித் தர வேண்டுமாம்.