பொட்டி இன்னும் வரல

பிரான்சுலேர்ந்து எம்மவ போன்ல மூஞ்சி காட்டிப் பேசுனா. "அம்மா, எனக்கிருந்த அந்தக் கட்டிய டாக்டர் பாத்துட்டாரு. என்னா சொன்னாருன்னா..." அதோட வாயத் தொறந்தபடியே நின்னுட்டா. அவ மூஞ்சி மேல ஒரு வட்டம் சுத்துது.

எனக்கு இந்தக் காத்திருப்பு புதுசில்ல. ஒரே படப் பொட்டிய வெச்சி ரெண்டு சினிமாக் கொட்டாயில படம் ஓட்டுன காலம். டவுன்ல ஓடி முடிஞ்ச ரீல் பொட்டிய, எங்கப்பாதான் சைக்கிள்ல கட்டி தட்டாஞ்சாவடி கொட்டாய்க்குக் கொண்டாருவாரு.

ஒரு நாளு படத்துல டாக்டர் கண்ணாடியக் கழட்டிட்டு வாயத் தொறக்குறாரு, ரீலு தீந்துபோச்சு. பீடிப் பொகையில சனம் பெஞ்ச ஒதைக்குது. "இன்னிக்கும் லேட்டுன்னா உம்புருசனுக்கு வேலை இல்ல"ன்னு எம்பக்கத்துல இருந்த அம்மாவப் பாத்து கொட்டாய் மொதலாளி கத்துறாரு.

"டாக்டர் என்னாத்தியோ சொல்லிட்டுப் போறாரு, இந்த மனுசன் வந்து சேரணுமே"ன்னு அம்மா எங்கையப் புடிச்சிக்கினா.

அப்ப கேட்டுது சைக்கிள் மணி. அப்பாவுக்கு முட்டியெல்லாம் ரத்தம், பொட்டி மட்டும் பத்திரம். ரீல மாட்டுனதும் டாக்டர் "பொழச்சிட்டாங்க"ன்னாரு. கொட்டாயே விசிலடிச்சுது.

இப்ப போனத் தூக்கிக்கினு மொட்டமாடில நிக்கிறேன். எம்மவ வாய் இன்னும் தொறந்தேதான் இருக்கு. வட்டம் சுத்துது. இவ்ளோ கண்டுபுடிச்ச பாவிங்க, இதுக்கும் ஒரு சைக்கிள் மணி வெச்சிருக்கக் கூடாதா?