நாலு கண் புழு

‘எல்லாம் ஒரே புழுதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே புழு இல்லை. மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற பொடிப் புழுக்களில் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு சாதி. ஒன்றுக்குத் தலையில் நான்கு கரும்புள்ளிக் கண்கள், அது முட்டையிடும். இன்னொன்றுக்குக் கண்ணே கிடையாது, குட்டி போடும். குட்டி போடுகிற சாதிக்கு ஒரு முறை மருந்து விட்டால் போதும். முட்டையிடுகிறதற்குப் போதாது. மருந்து முட்டையை ஒன்றும் செய்யாது. குஞ்சு வெளியே வருகிற சமயம் பார்த்து இரண்டாம் முறை விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கள் அதிகாரிக்குப் புரியவில்லை.

நான் அப்போது மலையடிவாரத்தில் ஒரு சின்ன மீன் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். மேலே மலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு அக்கா, மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட வெட்டிய குட்டையில் ரோகு மீன் விட்டிருந்தார். மரவள்ளி போட வேண்டிய இடத்தில் மீனா என்று கொழுந்தனார் இருவரும் கரித்துக்கொட்டினார்கள். இந்த ஒரு முறை மீன் தேறாவிட்டால் குட்டையை மூடிவிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவரிடம் வார்த்தையும் வாங்கிவிட்டார்கள். மீன்கள் தண்ணீர் விழுகிற மூலையில் கூட்டமாய் வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார்.

பழைய மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கரண்ட் வேண்டாத, வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் காட்டுகிற வகை அது. கரையிலேயே ஒரு மீனைப் பிடித்து, செவுளில் ஒரு துணுக்கு வெட்டி, தண்ணீர்ச் சொட்டில் வைத்துப் பார்த்தேன். புழு நெளிந்துகொண்டிருந்தது. தெள்ளத்தெளிவாக நான்கு கண்கள். சந்தோஷம் தாங்காமல் அக்காவையும் பார்க்கச் சொன்னேன்.

“அட சாமி! மொளகுப் பொடி ஒட்டுனாப்புல நாலு கண்ணு இருக்குதுங்க!” என்றார்.

அதற்குப் பிறகுதான் முட்டாள்தனம். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். உயிரோடு பார்த்தது செல்லாது. கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் போட்டு, சீல் வைத்துக் கீழே கொண்டுவந்ததைப் பார்த்து அதிகாரி எழுதினால்தான் ரிப்போர்ட். ஃபார்மலினில் விழுந்த புழு சுருண்டுவிடும், கண்ணின் கருப்பு கலைந்துவிடும். பிறகு அதில் என்னத்தைப் பார்ப்பது? இது தெரிந்தும், வழக்கமாயிற்றே என்று நானும் போட்டேன்.

அதிகாரி டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு நிமிஷம் குனிந்தார். “கண்ணு எங்கம்மா இருக்கு? குட்டி போடுற சாதி. ஒரு தடவைக்கு மருந்து குடுத்து அனுப்பு.”

“சார், உயிரோட இருக்கும்போது நான் பார்த்தேன். நாலு கண்ணு இருந்துச்சு. அந்த அக்காகூடப் பார்த்தாங்க.”

“ஓகோ! இனிமே குட்டை வெச்சிருக்கிறவங்களைக் கேட்டுத்தான் நான் ரிப்போர்ட் எழுதணுமோ?”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். டீ தம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. ரிப்போர்ட்டில் ‘மாதிரி எடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மருந்தைக் குட்டையில் கலக்கும்போது அக்கா கேட்டார். “ஏனுங்க மேடம், நாலு கண்ணுப் புழுவுன்னா ரெண்டு தடவை உடோணும்னு சொன்னீங்களே. இது ஒண்ணு போதுங்களா?”

“ஆபீஸ்ல போதும்னு எழுதியிருக்காங்கக்கா. போதும்” என்றேன்.

நான்கைந்து நாள் மீன்கள் துள்ளி விளையாடின. அக்கா போனில் சிரித்த சிரிப்பு எனக்கே தைரியம் தந்தது, ஒருவேளை அந்த ஆள் சொன்னதுதான் சரியோ என்று. அடுத்த வாரம் புழுவின் முட்டைகள் பொரிந்தன. ஏற்கனவே நொந்திருந்த மீன்கள் இரண்டே நாளில் செத்து மிதந்துவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தனார்கள் கரையை வெட்டி மண்ணைக் குட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா தடுக்கவில்லை. கொடுத்த வார்த்தை அப்படி. எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாம் அந்த ஆளாலதான்க்கா! டீ குடிக்கிற நேரத்துல பார்த்து எழுதினா இப்படித்தான் ஆகும். அவனெல்லாம் ஒரு மனுஷனா!” என்று மூச்சு முட்டத் திட்டித் தீர்த்தேன்.

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“அவரு செத்த புழுவப் பாத்தாருங்க மேடம். நீங்களும் நானும் உசுரோட பாத்தமே. நான் கேட்டப்ப நீங்க ஏனுங்க போதும்னீங்க?”

அதற்குப் பிறகு எனக்குத் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.