கோழியோடு இறங்கி, பொரியோடு ஏறியது

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட மட்டும்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக வரும். எது முன்னால், எது பின்னால் என்பதும் மறந்துபோகிறது. வாயால் சொல்லலாமென்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது நடந்தது இது. முதல் தடவை எங்கள் மலை ஊர்ப் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. அதில் எல்லோருக்கும் ஒரு தைரியம். பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"இத்தன கொண்ட ஊசி வளவு திரும்பி அது எங்க புள்ள மேல வரும்? பாதி வழியிலயே வாந்தி எடுத்துப்போட்டு எறங்கிப் போயிரும்."

கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒண்டி ஆள். மகனோடு இருந்தாலும் பகலெல்லாம் அவளும் ஒண்டிதான். காட்டு வேலை முடிந்ததும் அவள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். அவளுக்குப் பல் இல்லை. சின்ன உரலில் நான்தான் இடிப்பேன். சுண்ணாம்பு கூடினால் அவளுக்கு வாய் வெந்துவிடும். அதனால் முதலில் ஒரு துளி என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே விரலால் அவளுக்கு எடுத்துக் கொடுப்பேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

என் மகளை மலையடிவாரத்தில் புளியஞ்சோலை தாண்டி, துறையூர்ப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறேன். அந்தச் சமயம் அவளுக்குத் தலைப்பிரசவம். நான் கூட்டி வந்து பார்த்திருக்க வேண்டும். பஸ் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களும் ரோட்டில் முள் வெட்டிப் போட்டு, யாரும் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அங்கேயே பிறந்தது. போனில் மகள் அழுதாள்.

"கோழி அடிச்சு மொளகுச் சாறு வெச்சுக் குடுக்கக்கூட ஆளில்லம்மா. மாமியாளுக்கும் இருமல், படுத்துக் கெடக்குறாங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில்தான் முள் கிடந்தது. புளியஞ்சோலைக்கு இறங்குகிற காட்டுப் பாதையில் யாரும் முள் போடவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"போயிட்டு வா கண்ணு. ஊருல கேட்டா நான் சொல்லிக்கறேன். பெத்தவ போகாம யாரு போவா?" என்றாள். பிறகு, "வெறுங்கையோட வந்தீன்னா ஊட்டுப் படி ஏத்தமாட்டேன், பாத்துக்க" என்றாள்.

மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவள் பக்கத்து வீடுகளுக்குத் தின்ன ஏதாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது எங்களிடம் வழக்கம். கொடுக்காவிட்டால், மகளுக்கு அங்கே வாழ்வு சரியில்லை போல என்று பேச்சு வந்துவிடும்.

விடிந்ததும் கிளம்பினேன். கூடையில் ஒரு நாட்டுக்கோழி, கொஞ்சம் சாமை, ஒரு முடிச்சு மிளகு. வழியில் ஓர் ஆள் இல்லை. கோழிதான் பேச்சுத் துணை. நான் பாறையில் உட்கார்ந்து இறங்கும்போதெல்லாம் அது கத்தும். ஒருவழியாகக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

மாப்பிள்ளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. அங்கயே நில்லுங்க. பக்கத்துத் தெருவுல தகரம் வெச்சு அடைச்சிருக்காங்க."

சோப்புப் போட்டுக் கை கால் கழுவினேன். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டேன். வெளியிலேயே அடுப்புக் கூட்டிக் கோழிச் சாறு வைத்துக் கொடுத்தேன். சாப்பாடும் படுக்கையும் எனக்கு வெளியில்தான். அதில் ஒன்றும் வருத்தமில்லை. மகள் பிள்ளையை ஜன்னல் கம்பிக்கு உள்ளே தூக்கிக் காட்டினாள். மறுநாள் கிளம்பும்போது மாப்பிள்ளை அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து மகள் வாசலுக்கு வந்தாள்.

"ஒரே ஒரு தடவ வாங்கிக்கம்மா."

வாங்கிக்கொண்டேன். பால் வாசனை. முந்தானை எப்போது நழுவியது என்று தெரியாது.

வரும் வழியில் பாய் ஒருவரின் மளிகைக் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. முன்னால் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டிருந்தார். பொரியும் கடலையும் கேட்டேன். பொட்டலத்தை முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"மலையில இருந்தா இந்த நேரத்துல எறங்குனீங்க? இதப் போனதும் பிரிக்காதீங்கம்மா. வெயில்ல வெச்சு எடுத்துட்டு, கைய கழுவிட்டுப் பிரிங்க. ரெண்டு மூணு நாள் யாரு வூட்டுக்கும் போகாதீங்க."

சரிங்க என்று தலையாட்டினேன். நல்ல மனுஷர்.

மலை ஏறி, எங்கள் காட்டுக் காற்று முகத்தில் பட்டதும் முந்தானையை அவிழ்த்துவிட்டேன். நோய் கீழே, நான் மேலே வந்துவிட்டேன் என்றுதான் மனதில் இருந்தது. கீழே காட்டிய ஜாக்கிரதையை மேலே காட்டத் தோன்றவில்லை. அக்கா வரப்பிலேயே காத்திருந்தாள்.

"வந்துட்டியா? பேரனா பேத்தியா? யார மாதிரி? பொட்டலம் எங்க?"

எல்லாம் ஒரே மூச்சில் கேட்டாள். பொரியை அவள் மடியில் கொட்டினேன். பல் இல்லாத வாயில் பொரியை ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாள். பேத்தி கதை எல்லாம் சொன்னேன். பிறகு வழக்கம் போல உரலை எடுத்தேன், இடித்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், அவளுக்குக் கொடுத்தேன்.

எனக்கு ஒரு நாள் உடம்பு வலி இருந்தது. இறங்கி ஏறிய அலுப்பு என்று நினைத்தேன். அடுத்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அவள் மகன் போன் போட்டு வண்டி வரவழைத்தான். உடம்பெல்லாம் மூடிக்கொண்டு வந்த நர்ஸம்மா கேட்டார்கள்.

"இந்த ஊட்டுலயோ பக்கத்துலயோ யாராச்சும் கீழ போய் வந்தீங்களா? மறைக்காம சொல்லுங்க."

நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். நான் போய் வந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஒருவரும் பேசவில்லை. அக்காதான், வராத மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"யாரும் போகலீங்க சாமி."

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு நின்றது கூச்சமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. வண்டியில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்து, "மிச்சப் பொரிக்கு எறும்பு ஏறிரும், பாத்துக்க" என்றாள்.

அவள் கீழே ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நான் வெற்றிலை தொடவில்லை. என்னையும் சோதித்தார்கள், ஆனால் ரொம்பப் பிந்தி. இல்லை என்று வந்தது. அப்போது இல்லை. அதற்கு முன்னால் இருந்ததா என்று அந்தச் சோதனை சொல்லாதாம்.

அக்கா பிழைத்து வந்தாள். பாதி உடம்பாக வந்தாள். இப்போது மிளகுக் காட்டுக்கு ஏற முடியாது. வாசலிலிருந்து கிணற்றடி போவதற்குள் இரண்டு தடவை உட்காருவாள். வாய்க்கு ருசியும் திரும்பவில்லை. வெற்றிலை கொடுத்தால், "மண்ணத் தின்ன மாதிரி இருக்குது. சுண்ணாம்பு கூடவா, கொறவான்னு நீயே சொல்லு" என்பாள்.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நான்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் அக்கா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"நீ என்ன பெரிய மகாராணியா, அது உன்ற பல்லக்குல ஏறி வர? என்ற மவன் கெழங்கு லாரியோட கீழ சேந்தமங்கலம் போய் வந்தானே, அவன்தான் கொண்டாந்தான். போ, போயி இடி."

மரவள்ளிக் கிழங்கு லாரிக்கு மட்டும் அப்போது முள்ளை விலக்கி விட்டார்கள், அது உண்மை. அவன் லாரியோடு போனதும் உண்மை. ஆனால் அவன் போனது அவளுக்குக் காய்ச்சல் வந்த பிறகு என்றுதான் எனக்கு ஞாபகம். லாரிக்குக் கிழங்கு ஏற்றும்போது அவள் உள்ளே இருமியது என் காதில் இருக்கிறது. அது அந்த லோடா, அடுத்த லோடா என்று கேட்டால் திணறிப்போகிறேன். அவள் எனக்காகச் சொல்கிறாளா, நிஜமாகவே அப்படி நம்புகிறாளா, அதுவும் தெரியவில்லை.

அவன் தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறான். "சின்னம்மா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். கேட்க வேண்டியது ஒரு வார்த்தைதான். எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர் யாராவது அவனிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அந்தக் கிழங்கு லாரி போனது அம்மாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தியா, பிந்தியா என்று. முந்தி என்றால் நான் எழுதியதில் அந்த இடத்தை அடித்துவிட்டுச் சரியாக எழுதிவிடுங்கள். பிந்தி என்றால் அப்படியே இருக்கட்டும். அவளிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.