நங்கூரன் நின்ற இடம்

தங்கராஜ் அண்ணாச்சி இறந்த செய்தி எனக்குப் பால்கோவா கடையில் வந்து சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ கட்டச் சொல்லி நின்றிருந்தேன். ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் கம்பெனி டிரைவர், "சார், நம்ம தங்கராஜ் அண்ணாச்சி போயிட்டாவ. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவிய அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாவு வீட்டுக்குப் பால்கோவாவோடு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணாச்சி இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.

பாண்டேஜ் துணி கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் சிரிக்காத சூப்பர்வைசர். எனக்கு அப்படியில்லை. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய பேப்பர் கடை ஒன்றுக்கு வெளிநாட்டுக் கழிவுத்தாள் கட்டுக்கட்டாக வரும். பட்டாசுக்கு வெடிக்குழாய் சுற்றப் போகிற தாள் அது. அதற்குள் கையை விட்டு, அமெரிக்காவின் பழைய படக்கதைப் புத்தகங்களை அண்ணாச்சி பொறுக்குவார். தும்மிக்கொண்டே உடன் நிற்பேன் நான்.

பேர் பெற்ற சூரர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. முகமூடி மாட்டி, ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று இதழ்களில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போன ஆட்கள்தான் அவருக்கு வேண்டும். "பறக்கிறவனுக்கு ஊரே இருக்கு. இவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?" என்பார்.

அவர்களில் ஒருவனுக்கு நங்கூரன் என்று தமிழில் பெயர் வைத்தார். பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா, இரவில் நெஞ்சில் நங்கூரம் வரைந்த நீல உடுப்பு. நின்ற இடத்திலிருந்து அவனை யாராலும் நகர்த்த முடியாது. சக்தி அம்புட்டுத்தான். மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், உடைந்த பாலத்துக்கு முன்னால் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தின் நடுவில் நிற்கிறான். ரயில் வருகிறது. 'தொடரும்' என்று போட்டிருக்கிறது. நான்காம் புத்தகம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ரயில் மோதியிருக்கும் என்றேன். "மோதினத நீங்க பாத்தீயளா?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சியின் மனைவி பாக்கியம் மதினிக்கு வயிற்றில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அண்ணாச்சி என்னிடம் மட்டும் சொன்னார். மாரியம்மனுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். நேர்ந்தவர்கள் புலி வேஷம், குறவன் வேஷம் கட்டுவதுதான் வழக்கம். அண்ணாச்சி பாண்டேஜ் துணியைச் சாயப்பொடியில் முக்கி, நங்கூரனாக வந்து தெரு நடுவில் நின்றார். அம்மன் தன்னைத் தாண்டிப் போகும்வரை நகர்வதில்லை என்பது வேண்டுதல்.

அம்மன் சப்பரம் வந்தது. "ஏலே, யாருலே நடுவுல? தள்ளு!" என்று விழாக் கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். நாலு பேர் தள்ளியும் பார்த்தார்கள். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் சப்பரம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கூட்டத்தில் ஒரு பெண், "அம்மா எறங்கிட்டா!" என்று குரல் கொடுத்ததுதான் தாமதம், குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார்கள். ஒருத்தர் காலில் விழுந்து குறி கேட்டார். துணியில் இருந்த நீலச் சாயம் இறங்கி, மஞ்சளோடு கலந்து, அண்ணாச்சி கழுத்துவரை பச்சையானார்.

எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அப்படியேதான் போனோம். நாட்கணக்கில் பேசாமல் கிடந்த மதினி கண்ணைத் திறந்து பார்த்து, "என்னத்தப் பூசிட்டு வந்திருக்கிய? ஆண்டாள் கிளி மாதிரி இருக்கிய" என்று சொல்லி, தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மதினி பிழைத்துக்கொண்டார். அம்மனா, டாக்டரா, நங்கூரனா என்று நாங்கள் விவாதித்ததில்லை.

இப்போது அண்ணாச்சி வீட்டு வாசலில் பாடையைத் தூக்கக் குனிந்தோம். "செத்த நேரம் இருங்கய்யா. அவியளத் தள்ளாதிய" என்றார் மதினி. வெயில் தாழும்வரை எல்லாரும் நின்றோம். பிறகு மதினியே தலையை அசைத்தார். தூக்கினோம். அண்ணாச்சி சுலபமாக வந்துவிட்டார். அந்தச் சுலபம்தான் எனக்குத் தாங்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு மதினி மூன்றாம் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

"ரயிலு மோதலைல்லா?"

"மோதல மதினி."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் புத்தகம்தான். அதில் ரயில் வந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி நிற்கிறார்.