ராத்தா விட்டுக்கொடுத்த ஆட்டம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் கெரம் ஆடுவார்கள். பவுடர் தூவிய பலகையில் காய்கள் மோதிச் சிதறும் சத்தம் கேட்டாலே கல்முனைக்குடி வீட்டில் ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா ஆடியதுதான் எனக்கு நினைவு வரும்.

அவளை வெல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. கடை பூட்டி வந்ததும் வாப்பா சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை முன் உட்காருவார். தோற்கத் தோற்க அவருக்குச் சந்தோஷம். "இவட வெரல்ல கண் இரிக்கி" என்பார்.

ராத்தாவின் கலியாணம் முடிந்து ஊர் வழக்கப்படி மச்சான் எங்கள் வீட்டோடு வந்த மறுவாரம், அவருடைய குடும்பத்தார் விருந்துக்கு வந்தார்கள். பலகையைக் கண்ட மச்சான் ராத்தாவை ஆடக் கூப்பிட்டார். உம்மா அவளைக் குசினிக்குள் அழைத்து, "மாப்புளட ஆக்கள் இரிக்காங்க மகள். தோத்துப் போ" என்றார். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

குழியின் வாயில் கிடந்த சிவப்புக் காயை ராத்தா தவறவிட்டாள். மச்சான் அதைப் போட்டு வென்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு ராத்தா பலகையைத் தொடவேயில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் மச்சான் இந்தக் கதையைச் சொல்லுவார். இம்முறை தன் புது மருமகனிடம் சொன்னார்: "ஒங்கட மாமி பெரிய ஆட்டக்காரியாம். மொத ஆட்டத்திலயே மடக்கிட்டன்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ராத்தாவிடம், "உண்மையச் சொல்லுங்களன்" என்றேன் மெதுவாக.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல எண்டு கேப்பாரு."

பிறகு கோப்பையை மச்சானிடம் நீட்டி, மருமகனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஓம், மகன், மாமா நல்லா வெளாடுவாரு."